ரோதமுனியும் நட்டஈட்டு ஆணையாளரும்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் கும்பிடப்படும் சாமிகளுள் ரோதமுனி என்றொரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஏரிக்கரைக்கும் எல்லைக்கும் காவல் நின்ற முனியை நம்பி வளர்ந்த சனங்கள், கண்டிச்சீமை எனப்பட்ட இந்த மலைநாட்டுக்கு வந்தபோது அந்த நம்பிக்கையைத் தேயிலை ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலைக்குள்ளும் கொண்டுபோனார்கள். அங்கே இரவும் பகலும் சுழன்றுகொண்டிருந்த சக்கரத்துக்கு ஒரு முனியை வைத்தார்கள். அந்தச் சாமியிடம் அவர்கள் கேட்ட வரம் பெரிதல்ல. வேலைக்குப் போன கை முழுசாக வீடு திரும்ப வேண்டும்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலை பயிரிட்டபோது கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே உருட்டும் மெஷின் வந்துவிட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் மலைக்கு மலை தகரக் கூரை போட்ட ஸ்டோர்கள் எழுந்தன. நீர்ச்சக்கரத்திலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து தோல்பட்டிக்கும், பட்டியிலிருந்து ரோலருக்குமாகச் சுழற்சி கடத்தப்பட்டது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு மேல் எதையும் கண்டிராதவர்கள் அந்தப் பட்டிகளுக்கு நடுவே நின்று வேலை செய்தார்கள். அவர்கள் ஒரு தெய்வத்தைத் தேடிக்கொண்டதில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ரோதை கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் எழுதித் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தச் சட்டத்தின் பெயரைவிட இன்றும் தோட்டத்தில் அதிகம் தெரிந்திருப்பது சாமியின் பெயர்தான்.

ஸ்டோரின் வேலை பெரும்பாலும் இராத்திரி வேலை. பகலில் பறித்த கொழுந்து வாட்டுத் தொட்டியில் மணிக்கணக்காகக் காற்று வாங்கி வாட வேண்டும். அது பதத்துக்கு வரும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும் நேரத்தில்தான் ரோலர்கள் ஓடத் தொடங்குகின்றன. ரோலர் வரிசையில் ரொட்டர்வேன் என்று ஒரு மெஷின் நிற்கும். நீண்ட உருளைக் கூட்டுக்குள் ஒரு சுருள் தண்டு சுழல, மேல்வாயில் கொட்டிய கொழுந்தை அது உள்ளே இழுத்து நசுக்கி மறுமுனையில் தள்ளும். நசுங்கும் கொழுந்தில் சாறு கசிந்து பசைபிடிக்கும். வாயில் அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்தி, அடைப்பை எடுத்து, மறுபடி ஓட்டலாம். ஆனால் பின்னால் அடுத்த தொட்டிக் கொழுந்து காத்திருக்கிறது. தாமதித்தால் புளிப்பு ஏறித் தூளின் தரம் கெடும். தரம் கெட்டால் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் பதில் சொல்ல வேண்டும். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், ஓடிவிடும். அந்த ஒரு தள்ளுக்காகத்தான் கை உள்ளே போகிறது.

விபத்து நடந்த கையோடு வரும் முதல் கேள்வி எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான்: "ஏன் கையை விட்டாய்?" கேட்பவர் கோபத்தில் கேட்கலாம், பதற்றத்தில் கேட்கலாம், இரக்கத்தோடும் கேட்கலாம். எப்படிக் கேட்டாலும் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு இருக்கிறது. கவனயீனம். இந்த ஒரு சொல் தோட்டத்து நட்டஈட்டுக் கோரிக்கைகள் பலவற்றைப் பிறக்கும் முன்பே கொன்றுவிடுகிறது. காயப்பட்டவரே அதை நம்பிவிடுகிறார். "நம்ம பிழைதானே" என்று மனைவியிடம் சொல்கிறார். தன் பிழைக்கு யாரிடம் போய் நட்டஈடு கேட்பது என்று சும்மா இருந்துவிடுகிறார்.

ஆனால் சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இதைத்தான் தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்திலும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் நேர்ந்த விபத்தா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஆம் என்றால் தொழில் தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். தொழிலாளி சற்று அசந்துவிட்டார், அவசரப்பட்டார், மெஷினை நிறுத்த மறந்தார் என்பதெல்லாம் அந்தக் கடமையை நீக்காது. விதிவிலக்குகள் சில உண்டு. மதுவின் அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவை அவை. 'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தோடும் குளிரோடும் மல்லுக்கட்டி, தோட்டத்தின் தூள் கெடக்கூடாது என்று கை விட்டவர் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுமட்டுமல்ல, விபத்தில் உயிரே போய்விட்டால் இந்த விதிவிலக்குகளைக் காட்டி நிர்வாகம் தப்ப முடியாது.

பிழை யாருடையது என்று பார்க்காமல் நட்டஈடு கொடுப்பது இலங்கை கண்டுபிடித்த புதுமை அல்ல. ஜெர்மனி 1884இலேயே விபத்துக் காப்புறுதிச் சட்டம் இயற்றியது. பிரித்தானியா 1897இலும் இந்தியா 1923இலும் நட்டஈட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தன. அந்த நாடுகள் கண்ட உண்மை எளியது. ஆயிரம் பேர் ஆண்டு முழுக்க மெஷினோடு வேலை செய்தால் யாராவது ஒருவருடைய கவனம் ஒரு நொடி சிதறத்தான் செய்யும். அந்த நொடி உற்பத்திச் செலவின் ஒரு பகுதி. விறகுக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு வைப்பதுபோல அதற்கும் கணக்கு வைக்க வேண்டும்.

இலங்கைச் சட்டத்துக்கு மலையகத்தோடு ஒரு நெருங்கிய உறவும் உண்டு. அது நிறைவேறிய 1934இல் நாட்டின் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம். அரசாங்க சபையில் அவர் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதி ஹட்டன். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948இல், தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது, மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. அப்போதும் இந்தச் சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. நீ எந்த நாட்டுப் பிரசை என்று கேட்காமல் நீ வேலையாளா என்று மட்டும் கேட்ட சட்டம் இது. மலையகத்தாரிடம் எஞ்சியிருந்த உரிமைகளை விரல்விட்டு எண்ணிய காலத்தில் அந்த விரல்களுக்கே ஓர் உரிமை இருந்தது. அதை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

மெஷினைப் பற்றியும் சட்டம் மௌனமாக இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான ஒவ்வொரு பாகத்துக்கும் உறுதியான மூடியோ வேலியோ இருக்க வேண்டும் என்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே "ஏன் கையை விட்டாய்?" என்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகள் நிற்கின்றன. கை போகும் அளவுக்கு அந்த வாய் ஏன் திறந்திருந்தது? அடைப்பைத் தள்ள ஒரு மரக்கோலாவது பக்கத்தில் இருந்ததா? கை எட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்ச் இருந்ததா? பழுதுபார்க்கக் கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டாமல் மெஷினை ஓட்டச் சொன்னது யார்? கழற்றியது நிர்வாகமாக இருக்கையில் கவனயீனத்தை மட்டும் தொழிலாளியின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இன்று ஆபத்து ஸ்டோரை விட்டு மலைக்கும் ஏறிவிட்டது. வேலையாட்கள் குறையக் குறைய தோட்டங்கள் மெஷினை நாடுகின்றன. கவ்வாத்துக் கத்தி இருந்த இடத்தில் கவ்வாத்து மெஷின் வருகிறது. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டு, பிறகு தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்ட ஆண்டுகளில் புல் வெட்டும் மெஷினின் சத்தம் பல மலைகளில் கேட்கத் தொடங்கியது. சரிவில், ஈரத் தரையில், தோளில் தொங்கும் என்ஜினும் முன்னால் சுழலும் தகடுமாக நடப்பது சமதரையில் நடப்பதுபோல அல்ல. தகடு கல்லில் பட்டால் சிதறும் துண்டு கண்ணைத் தேடிவரும். முகக்கவசமும் தடித்த சப்பாத்தும் இல்லாமல் அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. விறகு பிளக்கும் மெஷினும் அப்படித்தான். ஸ்டோர் அடுப்புக்கு விறகு வேண்டும். கட்டையைப் பிடித்துக்கொடுக்கும் கைக்கும் பிளக்கும் ஆப்புக்கும் நடுவே இருப்பது சில அங்குலம்.

இந்த வேலைகளை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விப்பதும் பெருகிவருகிறது. "அவன் நம்ம செக்ரோலில், சம்பளப் பதிவேட்டில் இல்லை" என்பது அப்போது வசதியான பதிலாகிவிடுகிறது. சட்டம் அந்த வாசலையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறது. தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விப்பவரே நட்டஈட்டுக்குப் பொறுப்பாளி. கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து அறவிட்டுக்கொள்வது அவர் பாடு. ஆனால் தோட்டக் காணியைப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, அவர்களிடமிருந்து கொழுந்தை வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறையில் நிலைமை குழப்பமானது. அங்கே தொழிலாளி 'உற்பத்தியாளர்' ஆகிவிடுகிறார். புல் மெஷினில் கால் போனால் நட்டஈடு தர வேண்டிய தொழில் தருநர் யார்? அந்த முறைக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குடும்பமும் இதைக் கேட்டாக வேண்டும். சங்கங்கள் அவர்களுக்காகக் கேட்டாக வேண்டும்.

கிடைக்கும் நட்டஈடு எவ்வளவு? சட்டத்தின் அட்டவணை உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இழப்புக்கும் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனது என்று வரையறுக்கிறது. முழு ஊனத்துக்குரிய தொகையில் அந்த வீதம் கிடைக்கும். அந்தத் தொகை சம்பளத்தைப் பொறுத்தது. விரலின் சொந்தக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று அட்டவணை பார்ப்பதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் தொழில். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் நுள்ளப்படுகின்றன. அவை போனால் அவருக்குப் போவது ஒரு சிறு வீதம் அல்ல.

2022ஆம் ஆண்டின் திருத்தம், 5,50,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகையை 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. டிரக்டரிலும் லொறியிலும் மலைக்கு ஏற்றப்படும் சனங்களுக்கு இது பெரிய விடயம், வரவேற்கத்தான் வேண்டும். எனினும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாள் வேலை என்றால் 33,750 ரூபா. ஐந்து ஆண்டுக்கு 20,25,000. அதாவது சட்டம் கொடுக்கக்கூடிய உச்சமே அந்தச் சம்பளத்தின் ஐந்தாண்டுத் தொகையை எட்டவில்லை. இருபத்தைந்து வயதில் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும் வயது மிச்சம் இருக்கிறது.

அந்தத் தொகையாவது கைக்கு வர வேண்டுமே. இங்கேதான் தாளின் கதை தொடங்குகிறது. காயப்பட்டவரை முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, காயம் பெரிதென்றால் கண்டிக்கோ. இந்த ஓட்டத்தில் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் முதலில் எழுதப்படும் ஒரு வரிதான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் ஆதாரம். 'ஸ்டோரில் மெஷினில் கை நசுங்கியது, நேரம் இரவு 2.10' என்று எழுதினால் அது வேலையில் நேர்ந்த விபத்து. 'கையில் காயம்' என்று மட்டும் எழுதினால் அது எங்கும் நேர்ந்திருக்கலாம். வலியில் துடிப்பவர் அந்த வரியை வாசித்துப் பார்ப்பதில்லை. அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் வாசிக்கவும் முடிவதில்லை.

அடுத்து வருவது ஆறுதல். "சுகமாகும்வரை செக்ரோலில் பேர் போடுகிறோம். பிறகு இலேசான வேலை தருகிறோம். எதற்கு வீண் வழக்கு?" சொல்பவர் நல்ல மனதோடும் சொல்லலாம். குடும்பமும் அதையே விரும்பலாம். லயக்காம்பரா தோட்டத்துடையது, மகனுக்கும் அதே ஸ்டோரில் வேலை வேண்டும். ஆனால் அடுத்த தோட்டத்துரை வரும்போது அந்த வாய்வாக்கு நிற்காது. சட்டப்படி கிடைக்கவேண்டிய தொகை சலுகையாகச் சுருங்கி, சலுகையும் ஒருநாள் முடிந்துவிடும். இந்த ஆபத்தை அறிந்துதான், மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுப் பணத்தை நேரே குடும்பத்திடம் கொடுக்காமல் கோரிக்கைகளை விசாரிக்கும் நட்டஈட்டு ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும், தங்கியிருந்தோருக்கு அவரே பங்கிடுவார் என்று சட்டம் வைத்திருக்கிறது. கையையோ காலையோ இழந்து உயிரோடு இருப்பவருக்கும் அந்த அளவு கண்காணிப்பு வேண்டும்.

நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இறங்கினால் அரை நாள். ஒரு தவணைக்குப் போய்வர இரண்டு பேருடைய நாட்சம்பளமும் பஸ் காசும் போகும். நிர்வாகத்துக்கு இந்தத் தூரம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒற்றைக் கையோடு பஸ் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு அது வேறு தூரம்.

இந்தத் தூரத்தை வேறு நாடுகள் எப்படிக் கடந்தன என்பதைத் தேட வெகுதொலைவு போக வேண்டாம். மலேசியாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களும் இதே தமிழ்ச் சனங்கள்தான். அங்கே 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பொது நிதி உருவானது. சொக்சோ என்ற அதன் பெயரைச் சொன்னால் அங்குள்ள தமிழ்த் தொழிலாளிக்கு விளக்கம் தேவையில்லை. முதலாளி மாதாமாதம் பணம் கட்டுகிறார். விபத்து நேர்ந்தால் தொழிலாளி முதலாளியிடம் போவதில்லை, நிதியிடம் போகிறார். பெரிய ஊனமென்றால் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்காமல் தொடர்ந்து கொடுப்பனவு வருகிறது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, தைத்த ஆடைத் தொழிலுக்காக அப்படியொரு திட்டம் 2022இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. இலங்கையில் இன்னும் தனித்தனித் தொழில் தருநரின் பொறுப்பாகவே எல்லாம் இருக்கிறது. காயப்பட்டவர் தன் சம்பளத்தையும் வீட்டையும் கையில் வைத்திருப்பவரையே எதிர்த்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

தோட்டக் கொம்பனிகள் இதற்குச் சொல்லும் பதில் தெரிந்ததுதான். தேயிலை விலை நிலையில்லை, உற்பத்திச் செலவு ஏறுகிறது, இன்னொரு சுமையைத் தாங்க முடியாது. இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொது நிதியின் பயனே சுமையைப் பரப்புவதுதான். ஒரு பெரிய விபத்து ஒரு தோட்டத்தின் ஆண்டுக் கணக்கைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக, எல்லாத் தோட்டங்களும் ஆடைத் தொழிற்சாலைகளும் துறைமுகமும் கட்டுமானத் துறையும் சேர்ந்து சிறிது சிறிதாகக் கட்டும் பணத்திலிருந்து அது கொடுக்கப்படும். மூடி பூட்டி, பயிற்சி கொடுத்து, விபத்தைக் குறைக்கும் தோட்டத்துக்குக் கட்டணத்தையும் குறைக்கலாம். அப்போது ரொட்டர்வேன் வாய்க்கு ஒரு கம்பி மூடி போடுவது கொம்பனிக்கே இலாபம்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் கடன் இருக்கிறது. சந்தா மாதாமாதம் செக்ரோலில் கழிகிறது. சம்பளப் போராட்டத்துக்கு ஹட்டன் நகரம் பலமுறை நிறைந்திருக்கிறது, நிறையவும் வேண்டும். ஆனால் சம்பளத்துக்காக எழுப்பிய குரலில் பாதியையாவது மெஷின் மூடிக்காக எழுப்பியதுண்டா? ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். விபத்து நேர்ந்த அன்றே நாள், நேரம், மெஷின், மூடி இருந்ததா இல்லையா, பார்த்த இரண்டு பேரின் பெயர் எல்லாவற்றையும் அதில் எழுதட்டும். கையில் இருக்கும் போனால் மெஷினையும் டிஸ்பென்சரிப் பக்கத்தையும் படம் எடுக்கட்டும். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. சுகமாகட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியவை வேறு. விபத்துப் பதிவின் பிரதியொன்றைத் தமிழில் அன்றே காயப்பட்டவர் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். 'உங்கள் கவனயீனம் உங்கள் உரிமையைப் பறிக்காது' என்ற அறிவித்தலை ஒவ்வொரு ஸ்டோர் வாசலிலும், ஆயுதபூசைக்குச் சந்தனம் தடவும் அதே சுவரில், பெரிய எழுத்தில் மாட்ட வேண்டும். உச்சத் தொகையை ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க விடாமல் சம்பள உயர்வோடு தானாக உயரும்படி கட்டிவிட வேண்டும். பொது நிதிக்கான சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு சிறிய காரியம் உடனே செய்யலாம். நட்டஈட்டு ஆணையாளரின் விசாரணை மாதத்தில் ஒருநாள், முன்கூட்டி அறிவித்த திகதியில், தவறாமல் ஹட்டனில் நடக்கட்டும். பெரி சுந்தரத்தை அனுப்பிய ஊரில் அதற்கு ஓர் அறை கிடைக்காமல் போகாது. பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் போதும். உள்ளே தமிழ் எழுதத் தெரிந்த ஓர் எழுதுவினைஞர் இருக்கட்டும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ கட்டுப்போட்ட கையோடு காலை பஸ்ஸில் வந்து இறங்குபவரிடம், ஏன் கையை விட்டாய் என்று கேட்காமல், எந்த மெஷின், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு அவர் எழுதிக்கொள்ளட்டும்.